யோசெப்பின் மச்சாளின் ஆறு வரி

மொன்ட்ரியாலில் எங்கள் சனத்திடம் யோசெப்பினைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “கெப்பர் பிடிச்ச மனிசி” என்பார்கள், தலைக்கனமாம். வீட்டுக்குப் போனால் உள்ளே கூப்பிட மாட்டாளாம், கொண்டுபோன பலகாரத்தைக் கையால் தொடமாட்டாளாம், ரெலிபோனில் கதைத்து முடிக்க முன்னமே வைத்துவிடுவாளாம். மூன்றும் உண்மை. யோசெப்பின் என் அண்ணன் அருமைராசாவின் மனைவி, எனக்கு மச்சாள். குறை சொல்வதென்றால் எனக்குத்தான் முதல் உரிமை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை. ஆனால் சனம் சொல்லும் காரணம் பிழை.

மச்சாளுக்குச் சொந்த இடம் மன்னார், பேசாலை. இங்கே வந்து மகளை வளர்த்து ஆளாக்கியபின், வீடுகளுக்குப் போய் முடியாதவர்களைப் பராமரிக்கும் வேலை எடுத்தார். 2001 மாசியில் சென்ட் லோரன்டில் ஒரு நோர்வேக்காரியிடம் அனுப்பினார்கள். பெயர் ராக்னில்ட். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள். வயது அறுபத்தெட்டு, வாய்க்கு மட்டும் இருபது. குளிக்க வார்ப்பது, சூப் வைப்பது, காலுக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் மச்சாளின் வேலை.

அந்த வீட்டில் ரெலிபோன் ஓயாது. நோர்வேயின் வடகோடியிலிருந்து யாராவது எடுப்பார்கள். ராக்னில்ட் ஒரு பெயரும் பிறந்த தேதியும் கேட்பாள், போனை வைப்பாள், கண்ணை மூடி முணுமுணுப்பாள், மூன்று தரம் ஊதுவாள். பிறகு சூப் குடிப்பாள். அங்கே யாருக்கோ இரத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பல்லுப் பிடுங்கியவன், மீன் வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டவள், பிள்ளை பெற்றவள். இரத்தத்தை நிறுத்துவது ராக்னில்டின் பரம்பரை வேலை. அவளுடைய முன்னோர் மீன் பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்த ஆதிக்குடிகள். மேளம் அடித்து ஆவியுலகத்துக்குப் போய்வரும் பூசாரிகள் அவர்களிடம் இருந்தார்களாம். பாதிரிமார் வந்து மேளங்களைப் பறித்து எரித்தார்கள். அந்தச் சனம் கெட்டிக்காரச் சனம். மேளத்தைக் கொடுத்துவிட்டு வார்த்தையை வைத்துக்கொண்டது. ராக்னில்ட் முணுமுணுப்பது அந்த வார்த்தைதான், மொத்தம் ஆறு வரி. மேலே மூன்று வரி யேசுவும் யோர்தான் ஆறும், கீழே மூன்று வரி பழையது. அந்தக் கீழ் மூன்று வரிக்கு என்ன அர்த்தம் என்று ராக்னில்டுக்கே தெரியாது.

மச்சாளுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. விஷக்கடிக்குப் பார்வை பார்ப்பவர்களையும் தண்ணீர் ஓதிக் கொடுப்பவர்களையும் கண்டவர்தானே. ஒரு செவ்வாய்க்கிழமை, காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, “உனக்கு ஒரு ஜெபம் சொல்லித் தரட்டுமா?” என்று ராக்னில்ட் கேட்டாள். ஜெபம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் பிறவியா எங்கள் மச்சாள்? கேட்டார், கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்ததும் ராக்னில்ட் கைதட்டிச் சிரித்தாளாம்.

பிறகுதான் அந்தக் கள்ளி சட்டங்களைச் சொன்னாள். ஆறு வரியையும் தன்னைவிட வயது குறைந்த ஒருவருக்கு முழுதாகச் சொன்னால் அது அவரிடம் போய்விடும், சொன்னவரிடம் இருக்காது. வாங்கியவர், கேட்ட எவருக்கும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கூலியோ பரிசோ தொடக் கூடாது. நன்றி என்ற ஒரு சொல்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் நின்ற இரத்தம் திரும்ப ஓடும்.

நாற்பது வருடம் மொன்ட்ரியாலை விட்டு அசையாமல் இருந்த ராக்னில்ட், இடுப்பு தேறியதும் மைத்துனியோடு புளோரிடாவுக்குப் போய்விட்டாள். போக முன்னம் நோர்வேயில் எல்லோருக்கும் மச்சாளின் நம்பரைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அங்கிருந்து கடற்கரைப் படம் போட்ட ஒரு தபாலட்டை வந்தது. நானென்றால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். மச்சாள் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தார்.

எனக்கு இதில் நம்பிக்கையா என்று கேட்பீர்கள். 2002இல் றிகோ மாதா கோவில் யாத்திரையில் நானும் பக்கத்தில் நின்றேன். இரவிச்சந்திரன் என்பவரின் மகள் சாருஜாவுக்கு மூக்கால் இரத்தம். அரை மணித்தியாலமாக நிற்கவில்லை, துவாய் முழுக்கச் சிவப்பு. மச்சாள் பெயரையும் தேதியையும் கேட்டுக்கொண்டு ஒரு வானுக்குப் பின்னால் போனார். திரும்பி வருவதற்குள் நின்றுவிட்டது. தானாகவும் நின்றிருக்கலாம், மூக்கு இரத்தம் ஒரு நேரம் நிற்கத்தானே வேண்டும். ஆனால் எங்கள் சனத்துக்கு அது போதும். வில்லரே முதல் மொன்ட்ரியால்-நோர் வரை ஒரு கிழமைக்குள் நம்பர் பரவிவிட்டது.

நாங்கள் வாயால் நன்றி சொல்லிப் பழகியவர்கள் இல்லை, ஆகையால் தமிழரால் ஆபத்தில்லை என்றுதான் மச்சாள் நினைத்தார். நாங்கள் கையால் நன்றி சொல்லும் சனம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. அடுத்த ஞாயிறே இரவிச்சந்திரன் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வாசலில் நின்றார்.

“ஒண்டும் வேண்டாம் அண்ணை, கொண்டுபோங்கோ.”

“சும்மா வையுங்கோ தங்கச்சி. வீட்டில பிள்ளை சாப்பிடட்டும்.”

வேண்டாம் என்றால் இன்னும் நாலு தரம் வற்புறுத்துவதுதானே எங்கள் மரியாதை. மச்சாள் பயந்துபோய்க் கதவை அடித்துச் சாத்தினார். அந்த மனிதன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மச்சாள் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப்போய், அவருடைய வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான் கெப்பர் என்ற பெயர். விளக்கம் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு தட்டு அரியதரப் பலகாரம் வந்தது, சேலை வந்தது, ஒருவர் சங்கிலியே கொண்டுவந்தார்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நன்றி சொல்லக் கூடாதென்றால், இரத்தம் நின்றதா, ஆள் பிழைத்ததா என்று யாரும் திரும்ப எடுத்துச் சொல்வதும் இல்லை. ஒருநாள் காய்ச்சலில் மச்சாள் செல்போனை நிறுத்திவிட்டுப் படுத்தார். எழும்பிப் பார்த்தால் நோர்வேயின் ஒரே நம்பரிலிருந்து ஏழு அழைப்பு. திரும்ப எடுத்தார், யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அந்த ஆளுக்கு என்ன நடந்ததென்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு குளிக்கும்போதும் போன் பக்கத்தில் இருக்கும். கதை நீண்டால் லைன் அடைபடும் என்று பாதியில் வைத்துவிடுவார். நிலத்துக்குக் கீழே போன் வேலை செய்யாதென்று மெட்ரோவில் ஏறமாட்டார், கொட்டும் பனியிலும் பஸ்ஸுக்குத்தான் நிற்பார். ஊரில் சண்டை நின்ற சமாதானக் காலத்தில் எல்லோரும் அங்கே பறந்தபோது மச்சாள் போகவில்லை. விமானத்தில் இருக்கும்போது யாராவது எடுத்தால் என்ன செய்வது என்று என்னையே கேட்டார்.

“ஆருக்கும் குடுத்துத் துலையுங்கோவன் மச்சாள்” என்றேன்.

“ஆருக்கு றோசா? உனக்கோ?”

நான் கதையை மாற்றினேன்.

கேட்டவள் ஒருத்திதான், மகள் அஜிதா. நேர்ஸ் படிப்பை முடித்த கையோடு, “எனக்குத் தாங்கோ அம்மா. நான் எப்பிடியும் இரத்தத்துக்குள்ளதானே நிக்கிறன்” என்றாள். மச்சாளின் முகம் வெளிறிவிட்டது. “இனி அந்தக் கதை எடுத்தியெண்டா இந்த வீட்டில சாப்பிட மாட்டன்” என்றார். அதோடு அஜிதா விட்டுவிட்டாள். அவள் தாய்மேல் உயிராக இருந்த பிள்ளை.

அந்தப் பிள்ளைதான் லக்ஷனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். மச்சாள் ஒரு வருடம் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. அவன் ஒரு மாரி முழுவதும் இவர்களுடைய வாசலில் பனி வழித்துக் கொட்டினான். அதில் மனம் இளகிவிட்டது. 2006 ஒக்டோபரில், எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், பூசையோடு கலியாணம் என்று முடிவானது. அஜிதா தாயிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்கள் விருப்பமில்லாமல்தான் வாறியள் எண்டு ஆக்கள் கதைக்கினம் அம்மா. அண்டைக்கு நன்மை எடுக்க முதல் ஆளா நீங்கள் எழும்பி வாங்கோ. எல்லாரும் பாக்கட்டும்.”

பூசையில் நற்கருணை வாங்குவதைத்தான் நாங்கள் நன்மை எடுப்பது என்போம். மச்சாள் அவளுடைய தலையைத் தடவி, “வாறன் பிள்ளை” என்றார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோசத்தை ஐந்து வருடத்தில் நான் கண்டதில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். எங்கள் றெக்ஸ் பாதர் ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான், வயது முப்பத்துமூன்று. உள்ளே நடந்ததை மச்சாளே பிறகு என்னிடம் சொன்னார். இரத்தம் நிறுத்தும் கதை பாதருடைய காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

“அந்த வார்த்தையைச் சொல்லுங்கோ அம்மா. நீங்கள் ஆரைக் கூப்பிடுறியள் எண்டு தெரியாமல் நான் பாவமன்னிப்புக் குடுக்கேலாது.”

“சொன்னா அது உங்களிட்ட வந்திடும் பாதர். நீங்கள் என்னிலும் இளசு.”

“வந்தா வரட்டும். நான் குருவானவர், எனக்கு ஒண்டும் ஒட்டாது.”

ஏமாற்றவில்லை, ஒளிக்கவில்லை. மனிதன் கேட்டு வாங்குகிறான். ஆறு வரியைச் சொன்னால் பாவமன்னிப்பு, மகளின் கலியாணத்தில் நன்மை, அதற்குப் பிறகு மெட்ரோ, விமானம், நித்திரை. மச்சாள் வாயைத் திறந்தாராம். முதல் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதாம். அப்போது பாதரின் அங்கிப் பைக்குள் போன் அதிர்ந்தது. நிறுத்தினார். உடனே திரும்பவும் அதிர்ந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. ஒரு செத்தவீடு. பேந்து ஆஸ்பத்திரியில ஒராள் பாத்துக்கொண்டிருக்கு. காலமையிலிருந்து சாப்பிடவும் இல்லை.”

பாதருடைய தாய் யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். ஆவணியில் திரும்பச் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டியபின் அவருடைய குரலைக் கேட்கவில்லை என்று பாதர் ஒரு பிரசங்கத்தில் சொல்லி அழுதவர். மச்சாள் தட்டிக்கு அப்பால் அந்த ஒடுங்கிய முகத்தைப் பார்த்தார். பார்த்ததோடு வாயை மூடிவிட்டார். பாதர் கெஞ்சியும் கேட்டார். பிறகு, “அப்ப அதுவரைக்கும் நன்மை எடுக்கவேண்டாம் அம்மா” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

காரில் ஏறியதும் நான் கத்தினேன்.

“விசரே உங்களுக்கு? வாங்கிறன் எண்டு நிண்ட ஆளிட்டக் குடுக்காமல் வந்திருக்கிறியள்!”

“அந்தப் பிள்ளை ஏற்கெனவே மாட்டுப்பட்டுத்தான் கிடக்கு றோசா. அதின்ர தலையில நான் இன்னொண்டைத் தூக்கி வைக்கவோ?”

“அப்ப சும்மா போய் எடுங்கோ. நானூறு பேருக்கு முன்னால பாதர் தரமாட்டன் எண்டே சொல்லப்போறார்?”

“அவர் சொல்லமாட்டார். மன்னிப்பில்லாமல் எடுக்கிறது எனக்குத் தெரியும்தானே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனேன். ஒரு வெள்ளைக்காரி தன் வேலையை முடித்துக்கொண்டு புளோரிடாவில் வெயில் காய்கிறாள், எங்கள் மனிசி மட்டும் உலகத்துப் பாரத்தையெல்லாம் தன் தலையில் வைத்திருக்கவேண்டும் என்று யார் எழுதி வைத்தது? கேட்டேன். போன் வந்தது. மச்சாள் ஒரு பெயரும் தேதியும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

கலியாண நாள். மச்சாள் மயில்நீலச் சேலையில் முன் வரிசையில் இருந்தார், பக்கத்தில் அண்ணன், அதற்குப் பக்கத்தில் நான். நன்மை நேரம் வந்தது. பாதர் பாத்திரத்தோடு படியிறங்கி வந்து நின்றார். பீடத்தடியில் இருந்த அஜிதா முக்காட்டை விலக்கித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நடைபாதை வெறுமையாக இருந்தது. முதல் ஆளுக்காக எல்லோரும் பொறுத்து நின்றார்கள்.

மச்சாள் எழும்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பாதர் எங்கள் வரிசையையே பார்த்தார். அண்ணன், “எழும்பப்பா” என்று முழங்கையால் இடித்தார். கடைசியில் பின் வரிசையிலிருந்து யாரோ எழும்பி வர, சனம் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனது. கடந்து போன ஒவ்வொருவரும் மச்சாளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அஜிதாவின் சிரிப்பு எப்போது நின்றதென்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமும் இல்லை.

பூசை முடிந்து, படம் எடுக்க எல்லோரும் வாசலில் கூடியபோது அவள் நேரே தாயிடம் வந்தாள்.

“ஏனம்மா? ஒரே ஒரு நாள். எனக்காக எழும்பி வர ஏலாமல் போச்சோ?”

நான் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார். வளையல் கையில் பதிந்தது.

“ஏலாமல்தான் போச்சு” என்றார். “எனக்கு இந்தக் கலியாணத்தில மனம் வரேல்லை.”

அஜிதா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “சரி” என்றாள். “இனிமேல் நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கமாட்டன்.” சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, லக்ஷன் கதவைத் திறந்துவிடக் காரில் ஏறிக்கொண்டாள்.

“என்ன பொய் இது மச்சாள்?” எனக்குக் கண் கலங்கிவிட்டது. “உண்மையைச் சொல்லியிருந்தா அவள் விளங்கிக்கொண்டிருப்பாள்தானே!”

“விளங்கிக்கொள்ளுவாள். விளங்கினா, ‘எனக்குத் தாங்கோ அம்மா’ எண்டு திரும்பவும் வந்து நிப்பாள்.” மச்சாள் கார் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இன்னொருக்காக் கேட்டாளெண்டா நான் குடுத்திடுவன் றோசா. எனக்குக் களைச்சுப்போச்சு. கோவமா இருந்தா கேக்கமாட்டாள்.”