கப்பலேறிப் போனவளுக்கு ஒரு பொட்டு

அமெரிக்காவில் படிக்கும் பேரன் போன வாரம் போனில் கூப்பிட்டு, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அந்த நாட்டில் குடியேறிய ஆதிகாலத்து ஜனங்களின் கதையை எனக்கே சொல்லிக்கொடுத்தான். எரிச்சலாக வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். இன்று நாரணாபுரத்தில் என் பட்டாசுக் கம்பெனி வாசலில் பட்டதாரிகள் வேலைக்குக் காத்துக் கிடக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்தக் கதையை இவன் அப்பன் பிறப்பதற்கு முன்பே நான் படித்தாயிற்று. படித்ததற்கு அடியும் வாங்கியாயிற்று.

அப்போது சிவகாசி அச்சகத்திலிருந்து வரும் கட்டுகளை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. புத்தகங்களுக்கு மேலட்டை ஒட்டிக் கொடுக்கும் வேலை. அம்மா பசை தடவுவாள், அத்தை ஒட்டி நீவுவாள். அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள்.

ஒரு தடவை பிள்ளைகளுக்கான அமெரிக்கக் கதைப் புத்தகம் வந்தது. அட்டையில் கப்பல், உயரத் தொப்பி வைத்த ஓர் ஆள், பக்கத்தில் கறுப்பு உடுப்பும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஓர் இளம்பெண். அத்தையின் கை நின்றுவிட்டது.

“ஏலே, படிச்சுச் சொல்லு. இவளுக்குப் புருசன் இருக்கானா?”

வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பவுசில் உரக்கப் படித்தேன். தொப்பிக்காரன்தான் புருஷன். தங்கள் முறைப்படி சாமி கும்பிடக் கடல் தாண்டிப் போனவர்கள். நகை, ஆட்டம், பகட்டு எதுவும் ஆகாது. கிறிஸ்துமஸைக்கூடக் கொண்டாட விடமாட்டார்களாம்.

“வெடி போடாத சனமா? அங்கன போயி யாரு பொளைக்க?” என்றாள் அம்மா.

அத்தை சிரிக்கவில்லை. “புருசன் பக்கத்துலயே நிக்கான். அவளைப் போயி இப்படி ஆக்கி வச்சிருக்காகளே.”

அம்மா தண்ணீருக்குப் போன நேரம், மாடத்திலிருந்த இருக்கன்குடிக் கோயில் குங்குமத்தைப் பசையில் குழைத்து, அட்டை அட்டையாக அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு வைக்கத் தொடங்கினாள். ஆர்டர் போய்விடும் என்று கத்தினேன். கேட்டால்தானே.

திரும்பி வந்த அம்மா இடுப்புக் குடத்தை இறக்கக்கூட இல்லை. “என்ன மதினி செஞ்சு வச்சிருக்கீக? நாளைக்கு உலையில எதைப் போட?”

மூத்தவளை அடிக்க முடியாது. என் முதுகுதான் அகப்பட்டது. கதையைப் படித்தது நான்தானாம்.

ஈரத்துணியால் துடைத்ததில், கப்பலேறிப் போனவளுக்கு முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் ஆயிற்று. அச்சகத்துக் கணக்கர் வந்து, “பொளப்பைப் பாக்கீகளா, பூசை பண்ணுதீகளா?” என்று கேட்டுக் கட்டைத் தூக்கிப் போனார். அதோடு சரி, வேலை வரவில்லை. அந்த மாதமே நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது. அந்த வரலாற்றைப் பேரன் கேட்பதில்லை.

அத்தைமேல் வெகுகாலம் ஆத்திரம் ஆறவில்லை. அன்று கடைசி அட்டைக்குப் பொட்டு வைத்த பிறகு அவள் விரலில் குங்குமம் மிச்சம் இருந்தது. அந்த விரலை மெல்லத் தன் நெற்றிவரை கொண்டுபோனவள், வாசலில் அம்மாவின் குடம் இடிபடும் சத்தம் கேட்டதும் சுவரில் தேய்த்தாள். தீபாவளிக்கு நானும் சேர்ந்து வெள்ளையடித்த சுவர். அதைக் கெடுத்துவிட்டாளே என்றுதான் அன்றைக்கு எனக்குக் கோபம்.