ஆறாம் எண் இழந்த பந்து

பனியில் விழுந்து கிடந்த ஒருவனின் சட்டை எண்ணைத் தவறாகப் படித்த பெண், அதற்குப் பிறகு நடந்தவற்றில் எவ்வளவுக்குப் பொறுப்பு? வள்ளிக்கண்ணுவின் கடந்த நான்கு வருடங்களை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அவரும் தாண்டவில்லை.

அவருக்கு வயது முப்பத்தேழு. சொந்த ஊர் தொட்டியம். புள்ளியியல் படித்தவர். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் தாயார் இருசம்மாளோடு வாடகைக்கு இருக்கிறார். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் வேலை. வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டங்களைத் திரையில் பார்த்து, யார் எந்த நொடியில் பந்தைத் தொட்டார், என்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் பதிவு செய்யும் நிறுவனம் அது. ஆளை எடுக்கலாமா விடலாமா என்று தீர்மானிக்க, கிளப்புகள் அந்தப் பதிவுகளை வாங்கிக்கொள்கின்றன.

ஓர் அணிக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே போவார்: ஐந்து, பாஸ், பதினொன்று, ஓட்டம், மூன்று, தலையால். இன்னொருவர் அதைத் தட்டுவார். வள்ளிக்கண்ணு சொல்பவர். அவரைவிட எட்டு வயது இளைய பிரிட்டோ தட்டுபவர். வள்ளிக்கண்ணு கால்பந்தை ஒரு முறைகூட உதைத்தது கிடையாது. கவனமானவர், ஆட்டக்காரர்களை முதுகுப் பக்கமிருந்தே, ஓடும் விதத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அவருடைய திறமை என்று நியாயமாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

2021இல் உக்ரைன் முதல்நிலை லீக் அவர்களிடம் வந்தது. அலுவலகத்தில் யாரும் கேட்டு வாங்காத லீக். வள்ளிக்கண்ணுவுக்குக் கொடுக்கப்பட்டது கிழக்கே ஒரு சிறிய ஊரின் அணி. அதில் ஆறாம் எண் ஒரு தடுப்பாட்டக்காரன், இருபத்தாறு வயது. வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி ஓடுவான். வேகம் போதாது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் ஆடியவன் எட்டாம் எண், இருபது வயது, ஏறக்குறைய அதே உயரம்.

டிசம்பரில், குளிர்கால விடுமுறைக்கு முந்தைய கடைசி ஆட்டம். பனி கொட்டிக்கொண்டிருந்தது, படமும் தெளிவாக இல்லை. எழுபத்தோராவது நிமிடத்தில் சொந்த கோலுக்கு அருகே ஒரு தடுப்பாட்டக்காரன் வழுக்கி விழுந்து பந்தைப் பறிகொடுத்தான். எதிரணி கோல் போட்டது. கேமரா பந்தோடு போய்விட்டதால் விழுந்தவன் எழுந்து ஓடியதை யாரும் பார்க்கவில்லை. விழுந்து கிடப்பவனை நடையை வைத்து அடையாளம் காண முடியாது. முதுகில் பனி அப்பியிருந்த எண்ணைத்தான் படிக்க வேண்டியிருந்தது. வள்ளிக்கண்ணு, "ஆறு, பந்து இழப்பு, கோல்" என்றார். பிரிட்டோ தட்டினார். பதிவு அன்றே கிளப்புகளுக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, வழக்கம்போல, இனித் திருத்த முடியாதபடி அந்தக் கோப்பு பூட்டப்பட்டது.

இடையில், ஜனவரியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆறாம் எண்ணை வாங்கப் பேசிக்கொண்டிருந்த போலந்து கிளப் ஒன்று பின்வாங்கிவிட்டது. காரணம் எதுவும் போடவில்லை. வள்ளிக்கண்ணு அதை ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு மறந்துபோனார். பிப்ரவரி 25 அன்று லீக் மீண்டும் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் போர் தொடங்கிவிட்டது. பிறகு அந்த சீசன் அப்படியே முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த வருடம் சாம்பியன் கிடையாது.

ஜூன் மாதம் அணியின் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்ட படம் ஒன்று வந்தது. ஆறாம் எண் போரின் முதல் வாரத்திலேயே படையில் சேர்ந்திருக்கிறான், இறந்துவிட்டான். அவனை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியதால்தான் வள்ளிக்கண்ணு டிசம்பர் ஆட்டத்தைப் போட்டார். எழுபத்தோராவது நிமிடத்தில் நிறுத்தினார். விழுந்து கிடந்தவனின் கைகளில் கறுப்புக் கையுறை இருந்தது. பதினெட்டு ஆட்டங்களில் ஆறாம் எண் ஒரு முறைகூடக் கையுறை போட்டதில்லை. எட்டாம் எண் குளிர் வந்ததிலிருந்து கழற்றியதில்லை.

பிரிட்டோவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எட்டுதான்க்கா," என்றார் பிரிட்டோ. "ஆயிரத்தைந்நூறு பால் டச்சுல ஒண்ணு தப்பாயிருக்கு. விடுங்க."

"அந்த ஒண்ணப் பாத்துத்தான் வேணாம்னு விட்டாங்களோ என்னமோ. எடுத்திருந்தா ஜனவரியிலேயே போலந்துக்குப் போயிருப்பான்."

"முட்டியப் பாத்து விட்டிருப்பாங்க. வயசப் பாத்து விட்டிருப்பாங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு போலந்துல ஒருத்தன் காத்துக்கிட்டா இருந்தான்? நீங்க சொல்றத நம்ம மேனேஜரே நம்பறதில்ல."

வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் தாயார் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஆபீசில் கூட இருந்த ஒருவர் இறந்துவிட்டார் என்றார் வள்ளிக்கண்ணு. மாலை போட்டீர்களா என்று கேட்டதற்கு, ஊர் ரொம்ப தூரம் என்று பதில். இருசம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மகளை வாசலிலேயே நிற்க வைத்து, வெந்நீர் கொண்டுவந்து, தலைக்கு ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்.

கோப்பைத் திருத்த அனுமதி கேட்டு வள்ளிக்கண்ணு எழுதிக் கொடுத்தார். பூட்டிய கோப்பைத் திறக்க வேண்டுமானால் வாங்கியவர்கள் கேட்க வேண்டும் என்பது விதி. குழுத் தலைவி கமர் ஜஹான் கடுமையானவர் இல்லை. "அந்த சீசனே இல்லேன்னு ஆகிப்போச்சு வள்ளி. அதுல ஒரு பந்தத் திருத்தி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். அடுத்த வருடமும் வள்ளிக்கண்ணு எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த வருடமும்.

இதற்கிடையே 2022 ஆகஸ்டிலேயே லீக் மறுபடி தொடங்கியிருந்தது, பார்வையாளர்கள் இல்லாமல். ஆட்டத்தின் நடுவே விமானத் தாக்குதல் சைரன் ஒலிக்கும். ஆட்டக்காரர்கள் பதுங்குமிடத்துக்குப் போவார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதால் திருச்சியில் இருப்பவர்கள் எழுந்து போகக் கூடாது. ஆட்டம் ஏன் நின்றது என்று பதிய மென்பொருளில் காயம், மழை, ரசிகர் தகராறு, விளக்குக் கோளாறு என்று ஒரு பட்டியல் இருந்தது. அவர்கள் 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் திரையில் வெறும் புல் மட்டும் தெரியும். மற்றவர்கள் ஃபோனை எடுத்துக்கொள்வார்கள். வள்ளிக்கண்ணு புல்லையே பார்த்துக்கொண்டிருப்பார், குறிப்பாகக் கோலுக்கு இடதுபுறம், ஒரு தடுப்பாட்டக்காரன் நிற்க வேண்டிய இடத்தை. எந்த அணியாக இருந்தாலும் ஆறாம் எண்ணிடம் பந்து போனால் அவர் குரல் ஒரு நொடி தாமதித்துத்தான் வரும். பிரிட்டோ அதைத் தெரிந்துகொண்டு, அவர் சொல்வதற்கு முன்பே அந்த விசையின் மேல் விரலை வைத்திருப்பார்.

காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடியிருந்த மாதங்களில் பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின. அப்படி ஒரு நாள் சத்திரத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, ஜன்னல் வழியே, வாழை இலைக் கட்டைச் சுமந்துகொண்டு ஒருவர் போவதைப் பார்த்தார். வலது தோள் தாழ்ந்திருந்தது. அதே ஓட்டநடை. வள்ளிக்கண்ணு பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்கடைகளைத் தாண்டி, நிலையத்தின் மறுகோடி வரை அவர் பின்னாலேயே போனார். அவர் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பினார். ஐம்பதைத் தொடும் வயது, நரைத்த மீசை.

"என்னங்க வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க. தெரிஞ்சவருன்னு நெனச்சுட்டேன்."

பஸ் போய்விட்டிருந்தது. இதை அவரே மறுநாள் பிரிட்டோவிடம் சொன்னார். பிரிட்டோ வழக்கமான கேலியைச் செய்யவில்லை.

2025 அக்டோபரில் அந்த டிசம்பர் கோப்பு திறந்தது. எட்டாம் எண்ணுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. லீக்கில் வேறொரு அணிக்கு நன்றாக ஆடுகிறான். அவனை எடுக்க நினைத்த ஒரு வெளிநாட்டு கிளப், அவனுடைய எல்லா வருடப் பதிவுகளையும் மறுபடி சரிபார்த்துத் தரச் சொல்லியிருந்தது. கமர் ஜஹான் கோப்பை வள்ளிக்கண்ணுவிடமே கொடுத்தார். "மூணு வருஷமாக் கேட்டீங்கல்ல. இந்தாங்க, முடிச்சிடுங்க."

திருத்தினால், ஆறாம் எண்ணின் பதிவிலிருந்து அந்தத் தவறு நீங்கி எட்டாம் எண்ணின் பதிவில் ஏறும். சிறுவயதில் செய்த பழைய தவறு, அதை இப்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் பிரிட்டோ. அந்த வாதத்தில் இருக்கும் சிக்கலை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் அன்றும் பார்த்திருக்க மாட்டார்கள். வள்ளிக்கண்ணு சுமந்ததெல்லாம் வீண். இப்போது பார்ப்பார்கள் என்றால், செத்தவனின் கணக்கைச் சரிசெய்ய உயிரோடு இருப்பவனைப் போர் நடக்கும் நாட்டிலேயே நிறுத்துவதாகிவிடும். உண்மை எது என்பதில் ஐயமில்லை. கையுறை படத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று முன்பு தெரியாததுபோல இப்போதும் தெரியாது.

இருவரும் உட்கார்ந்து முதல் நிமிடத்திலிருந்து பார்த்தார்கள். நடுவில் ஐந்து சிறிய தவறுகள் அகப்பட்டன; வள்ளிக்கண்ணு சொல்லச் சொல்ல பிரிட்டோ திருத்தினார். எழுபத்தோராவது நிமிடம் வந்தது. பிரிட்டோ எட்டின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். வள்ளிக்கண்ணு படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, நீண்ட நேரம் பார்த்தார்.

"மாத்த வேணாம்," என்றார். "அடுத்ததுக்குப் போ."

பிரிட்டோ அப்போதே ஏன் என்று கேட்டார். சில வாரங்கள் கழித்து கமர் ஜஹானும் கேட்டார். இரண்டு பேருக்கும் பதில் கிடைக்கவில்லை. அன்று மாலை ஆட்டம் முடிந்ததும், முழுவதும் பார்த்தேன், இனி பிழை எதுவும் இல்லை என்று தன் பெயரைப் போட்டு, கோப்பை வள்ளிக்கண்ணு தானே பூட்டினார்.