எனக்கு மட்டும் வந்த பணம்

வெள்ளை டப்பாவின் மூடியைத் திறந்த மாஸ்டர், உள்ளே கைவிட்டு ஒரு கோழித் துண்டை எடுத்தார். அது துண்டாக வரவில்லை. ஈர மாவுபோல விரலிடுக்கில் நசுங்கி வழிந்தது. எட்டுக் கிலோ கறி. முந்தின நாள் காலையில் ஊறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தவர், எடுக்க மறந்திருந்தார். கெட்ட நாற்றம் இல்லை. பூண்டும் எலுமிச்சையும் எப்போதும்போல மணந்தன. மூன்று வருடங்களாக அவர் கையால் ஊறவைத்த கறி ஒருநாளும் அப்படி ஆனதில்லை. "இதைக் கொட்டிரு தங்கச்சி, அக்காட்ட சொல்லாத" என்றார். சொல்லிக்கொண்டே கையைக்கூடக் கழுவாமல் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

கீரனூரில் திருச்சி சாலையோரம் அவருடைய சாப்பாட்டுக் கடை இருந்தது. பதினான்கு வருடம் கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்துவிட்டு, இனிமேல் தரைதான் என்று திரும்பி வந்தவர். ஊரில் எல்லோரும் அதைக் கப்பல் கடை என்றே சொன்னார்கள். சோறு, குழம்பெல்லாம் அவர் மனைவியின் பொறுப்பு. பொன்னமராவதிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டேன். கோழி மட்டும் மாஸ்டரின் வேலை. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிப்பார். அதில் நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, மிளகு, உப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, எலும்பில்லாத தொடைக்கறியைப் பிசைவார். கப்பலில் இருந்து கொண்டுவந்த காய்ந்த வாசனை இலை தீர்ந்தபின், கொல்லையில் கற்பூரவல்லியை வளர்த்து நிழலில் உலர்த்தி அதையே தூவினார். மிளகாய்த்தூள் இல்லாத கோழியா என்று முதலில் சிரித்த ஊர், பிறகு வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்து வாங்கிப் போனது. "நாலு மணி நேரந்தான். எலுமிச்சை போட்டுட்டு அதுக்கு மேல விட்டா நாரு விட்டுப்போகும்" என்பார். டப்பாவின் மேல் துண்டுத்தாள் ஒட்டி, வைத்த நேரத்தைப் பேனாவால் எழுதி வைப்பது அவர் வழக்கம்.

கைப்பேசியில் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி விற்கும் வியாபாரத்தைக் கடைக்குள் கொண்டுவந்தது நான்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. புதியவர்களுக்கு மூன்று நாள் இலவசப் பயிற்சி என்று என் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. சேர்ந்தேன். ஒரு குழுவில் போட்டார்கள். யூரோ ஏறும் என்று தோன்றினால் டாலரைக் கொடுத்து யூரோவை வாங்க வேண்டும். ஏறியதும் விற்க வேண்டும். கையில் நூறு இருந்தால் ஐயாயிரத்துக்கு வாங்க விடுவார்கள் என்றெல்லாம் ஒரு பெண் குரல் நிதானமாகப் பாடம் நடத்தியது. எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். நான் ஐயாயிரம் போட்டேன். எட்டாவது நாள் ஆறாயிரத்து ஐந்நூறு என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அந்தக் குறுஞ்செய்தியை மாஸ்டரிடம் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நெசமாவே பேங்குக்கு வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

அவருக்கு அதில் மயக்கம் வரக் காரணம் இருந்தது. கப்பலில் சம்பளத்தை யூரோவில் வாங்கியவர். எந்தத் துறைமுகத்தில் மாற்றினால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று மனக்கணக்காகவே சொல்வார். தனக்குத் தெரிந்த கடலில்தான் இறங்குகிறோம் என்று நினைத்துவிட்டார். என் மூலமாக அதே குழுவில் சேர்ந்து, முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கென்று செயலியில் கொடுத்த பொய்ப்பணத்தில் பழகினார். பிறகு சொந்தப் பணம் இருபதாயிரம். திரையில் அது முப்பதாயிரமாக, ஐம்பதாயிரமாக வளர்ந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு லண்டன் சந்தை திறக்கிறது என்று மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். நம் கடையில் கூட்டம் நெரியும் நேரமும் அதுதான். இலை போட்டு ஆட்கள் காத்திருக்க, அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நிற்பார். டப்பாவில் நேரம் எழுதுவது நின்றுபோனது. உள்ளேயிருந்து அக்கா, "என்னங்க, கறி கருகுது" என்று கூப்பிடுவார். அந்தக் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அக்கா கூப்பிடுவதையும் விட்டுவிட்டு, தானே வந்து திருப்பிப் போட ஆரம்பித்தார்.

இதற்கிடையில் நான் இரண்டாவது முறை மூவாயிரம் போட்டிருந்தேன். திரும்ப எடுக்கப் போனபோது, தொகை குறைவு, இன்னும் போட்டால்தான் எடுக்கலாம் என்றது செயலி. மேடத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. என்னமோ சரியில்லை என்று அன்றே எனக்குப் பட்டது. ஆனால் மாஸ்டரிடம் சொல்லவில்லை. மூவாயிரம் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். அவர் திரையில் லட்சங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, விவரம் கெட்டவளாகத் தெரிய எனக்கு மனமில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நான் தள்ளிப்போட்ட அந்தப் பத்து நாட்களில்தான் அவர் அக்காவின் நகையை அடகு வைத்தார். மகளின் நர்சிங் படிப்புக்கென்று வங்கியில் போட்டிருந்ததை உடைத்தார். கறி கெட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைகூட என்னால் சொல்லியிருக்க முடியும். எட்டுக் கிலோவையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன்.

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோது, பணத்தை எடுக்கக் கேட்டார். திரையில் பதினெட்டு லட்சம் இருந்தது. முதலில் வரி கட்டுங்கள், பிறகு முழுவதையும் அனுப்புகிறோம் என்றார்கள். கடைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைக் கட்டிட உரிமையாளரிடம் கெஞ்சித் திரும்ப வாங்கி, வரி என்று அதையும் அனுப்பினார். மறுநாள் குழு இல்லை. மேடம் இல்லை. மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு, "தங்கச்சி, ஒன் போன்ல அந்தக் குரூப்பு இருக்கா, பாரு" என்றார். என்னிடமும் இல்லை.

புதுக்கோட்டையில் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்க அவருடன் நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையானவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "வெளிநாட்டு ஆப்புல இப்படி கரன்சி வாங்கி விக்கிறதே நம்ம ஊர்ல அனுமதி இல்லைங்க. மொதல்ல கொஞ்சம் குடுப்பான். அத நாலு பேருட்ட காட்டுவாங்கன்னு அவனுக்குத் தெரியும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஒங்கள யாரு சேத்து விட்டது?" என்று கேட்டார். மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்ல சார். நானாப் போயிச் சேந்தேன்" என்றார். திரும்பும் பேருந்தில் அவர் முன் இருக்கையிலும் நான் பின் இருக்கையிலும் உட்கார்ந்தோம். அவர் பிடரி வியர்வையைப் பார்த்துக்கொண்டே கீரனூர் வந்தேன்.

கடையை மூடிவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் அவர் மறுபடியும் கப்பலேறினார். போகும்போது சம்பளம் பழையதில் பாதிதான் என்று கேள்விப்பட்டேன். மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் திருச்சியில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். காலை ஏழரைப் பேருந்தில் அவளைப் பார்ப்பேன். நானும் திருச்சியில் வேறு வேலை தேடிக்கொண்டேன். அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி போடுகிறார். இரண்டு வருடமாக அவரிடம்தான் காலைப் பார்சல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் வண்டியில் வாங்குவதே என்னால் முடிந்த பரிகாரம் என்று ஒரு எண்ணம். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று வரிசையில் நிற்பேன். சொல்லாமல் பேருந்தேறுவேன்.

போன மாதம் ஒருநாள் சட்னியைக் கட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "நேத்து அவரு போன்ல பேசுனாரு. தங்கச்சி கடைக்கு வருதான்னு கேட்டாரு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின்னால் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். குறுஞ்செய்தியைக் காட்டியதை, என் மூவாயிரம் போனதை, தெரிந்தும் பத்து நாள் பேசாமல் இருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காவின் கை நிற்கவில்லை. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"தெரியும். கப்பலுக்குப் போற அன்னிக்கே சொல்லிட்டாரு. அந்த மூவாயிரத்தத்தான் சொல்லல. அவருக்கே தெரியாது போல" என்றார்.

"அப்ப ஏன்க்கா இத்தன நாளா எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

பார்சலை என் கையில் வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"நீயா எப்பச் சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, எத்தனை இட்லி என்று கேட்டார்.