பூசாமல் விட்ட இடம்

உள்ளறையில் சரக், சரக்கென்று சுரண்டும் சத்தம். ஜன்னல் சட்டத்திலிருந்த பழைய பெயின்டைத் தம்பி சுரண்டிக்கொண்டிருந்தான். முன்னறையில் படகுச் சங்கத் தலைவர், கோணியில் சுற்றித் தூக்கிவந்த சுக்கானைத் தரையில் இறக்கினார்.

"நம்பினவங்களை நட்டாத்துல விட்டுட்டியே, தாரக்கா! நீ பூசினது ஒரு வருஷம்கூடத் தாங்கல."

இரும்பெங்கும் அம்மை வடுப்போலக் குழிகள்.

படகுத்துறையில் அவளை யாரும் பேர் சொல்லி அழைத்ததில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்க்க, சின்ன வயதிலேயே படகுகளுக்குத் தார் பூசக் கிளம்பியவள். தாரை விட்டு வெகுகாலமாகியும் பட்டம் போகவில்லை. வெயிலில் நிற்கும் இரும்புக்கு எதைப் பூசினாலும் ஒப்பேறும், முழுகிக் கிடக்கும் இரும்புக்கு ஒப்பேறாது என்பது அவள் கட்சி. பளபளக்கும் எனாமல் தண்ணீரில் ஊறினால் கொப்பளித்து உரிந்துவிடும். அதனால் இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் எபாக்சிதான் அவள் கைக்கு. அதுவும் நன்றாக இறுகும்வரை யார் வந்து நின்றாலும் படகைத் தண்ணீரில் இறக்க விடமாட்டாள்.

"எல்லாரும் வேற பட்டறைக்குப் போலாங்கறாங்க. உன் முகத்துக்காகத்தான் நேர்ல வந்தேன்."

சங்கத்துப் படகுகள் போனால் அவளுக்குப் பிழைப்பே இல்லை. சுக்கானைத் திருப்பினாள். அதில் திருகி மாட்டியிருந்த துத்தநாகக் கட்டியைத் தடவினாள். இரும்பை அரிக்க வரும் தண்ணீர் முதலில் இதைத் தின்னட்டும் என்றுதான் அதை வைப்பது. அதன்மேல் மட்டும் எதையும் பூசக்கூடாது. இந்நேரம் பாதியாவது கரைந்திருக்க வேண்டும். வைத்தது வைத்தபடி இருந்தது.

கத்தியால் கீறினாள். பாசிக்கு அடியில், கொப்பளித்தும் இன்னும் உரியாத வெள்ளை எனாமல் சுருண்டு வந்தது. அந்த வெள்ளை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டுக் கதவு, ஜன்னல், ஸ்டூல், ஏன், தண்ணீர் வாளிகூட அதே வெள்ளைதான். தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன்.

"என்ன அது, வெள்ளையா?"

"தப்பு எங்க வீட்டோடதுதாங்க" என்றாள். தம்பி பேரை எடுக்கவில்லை.

உள்ளே சுரண்டும் சத்தம் நின்றது. மீசையெல்லாம் வெள்ளைத் தூளாகத் தம்பி வந்து நின்றான்.

"நான்தான்க்கா. நீ ஜுரத்துல படுத்திருந்தே. அது மட்டும் மொட்டையா இருந்துச்சு. முடியாம விட்டுட்டியோன்னு ரெண்டு கோட்டு அடிச்சுக் கொடுத்தனுப்பிட்டேன்."

"ரெண்டா?" என்றார் தலைவர்.

"மூணு."

"அரைகுறையா விடறவளாடா நான்?" அவள் குரல் உயரவில்லை. கத்தியை மட்டும் மடக்கி வைத்தாள்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். "ஒரு படகு அனுப்பறேன். அது தாங்கட்டும், மத்ததைப் பேசலாம். முதல்ல இவன் பிரஷ்ஷைப் பரண்ல ஏத்து."

அவர் வெளியேறினார். கோட்டின்மேல் கோட்டாக எனாமல் ஏறிய கதவு, சாத்தும்போது சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அவர் வெளியிலிருந்து இழுத்தார். தம்பி உள்ளேயிருந்து தோள் கொடுத்துத் தள்ளினான். ஒருவழியாகக் கதவு சாத்திக்கொண்டது.