சித்தியின் கட்டைவிரல்

சித்தியோடு ரயிலில் போவதென்றால் சித்தப்பாவுக்கு வேப்பங்காய். ஜன்னலோர இருக்கை அவருக்குக் கிடைக்காது. அது சித்தியின் ஜி.பி.எஸ். கருவிக்குப் போய்விடும். சோப்புப் பெட்டி அளவுதான் அது. உள்ளே தள்ளி உட்கார்ந்தால் கூரைத் தகடு மறைத்து செயற்கைக்கோள் கிடைக்காதென்று, ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே வருவாள்.

"ரயில் தண்டவாளத்தை விட்டு எங்க போயிடப் போகுது? இதுக்குப் போய் வழி பாக்கறா" என்பார் சித்தப்பா.

"வழி பாக்கல. எங்க இருக்கோம்னு பாக்கறேன்."

"செல்போன்லயே எல்லாம் இருக்கே சித்தி" என்று நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அதுல ஊர்ப்பட்ட பேர் கூப்பிடுவாங்க. இது வாயே திறக்காது" என்றாள்.

சித்தி மின்சாரத் துறையில் இருந்தவள். கம்பம் கம்பமாக நடந்து, ஒவ்வொன்றின் அடியிலும் நின்று பட்டனை அமுக்கி, அந்த இடத்தைக் கருவியில் பதிய வைப்பதுதான் வேலை. வெயில், மழை, துரத்தும் நாய் எதற்கும் அசராதவள். ஓய்வு பெற்றதும் சொந்தமாக ஒரு கருவி வாங்கிவிட்டாள். கட்டைவிரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பாலம் வந்தால் ஒரு அமுக்கு, ரயில்வே கேட் வந்தால் ஒரு அமுக்கு. எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள்.

அன்று நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு தையல்காரப் பெண், மடியில் மகள். பிறந்ததிலிருந்தே காது கேட்காத குழந்தை, நாலு வயதிருக்கலாம். காது மெஷின் மாட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"இப்பதாங்க பாப்பான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா" என்றாள் தாய். அந்தச் சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

ஒரு வளைவில் இன்ஜின் ஹார்ன் அடித்தது. குழந்தை மிரண்டுபோய் மெஷினைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டது. தாய் குழந்தையின் வெறும் காதைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று வாங்குவதெல்லாம் அவளால் ஆகிற காரியமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஓடற வண்டியிலேர்ந்து விழுந்ததை எங்கம்மா போய்த் தேடறது?" என்றார் சித்தப்பா.

"இங்க" என்று சித்தி கருவியைக் காட்டினாள். மெஷின் குழந்தையின் கையை விட்டுப் போன நொடியே கட்டைவிரல் அமுக்கியிருந்தது. தன்னைக் கேட்டு அது அமுக்கவில்லை என்று பிறகு சொன்னாள்.

அடுத்த நிலையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டோம். அக்கா சமைத்து வைத்ததெல்லாம் ஆறிப்போகட்டும் என்று விட்டோம். ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்துவிட்டு, தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் ஒருவரைத் துணைக்கு அனுப்பினார். சித்தி கருவியைப் பார்த்தபடி முன்னால் நடந்தாள். குழந்தை சித்தப்பாவின் தோளில் ஏறிக்கொண்டது.

குறித்த இடம் வந்தும் சித்தி நிற்கவில்லை. "நான் அமுக்கறதுக்குள்ள வண்டி கொஞ்சம் தாண்டியிருக்கும். இன்னும் பின்னாடி பாக்கலாம்" என்றாள்.

ஜல்லி, புல், பாட்டில் மூடி, கிழிந்த காகிதம். மெஷினோ மொச்சைக்கொட்டை அளவு. குனிந்து குனிந்து என் இடுப்பு போனது. நம்பிக்கையும் போனது. சித்தி மட்டும் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் தையல்காரப் பெண். "எதுலயாவது அழுந்திக் கிடந்தா மெஷின் கீச்சுனு கத்தும்."

புலம்பிக்கொண்டிருந்த சித்தப்பாகூட வாயை மூடிக்கொண்டார். காற்று அடங்கியபோது மெல்லிசாக ஒரு சத்தம். கேங்மேன் கையை நீட்டினார். சித்தப்பா குழந்தையை இறக்கிவிட்டு மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். அடியில் கிடந்தது.

தாய் அதை முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டாள். குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லைப் பொறுக்கப் போனது. வேலை செய்கிறதா, உடைந்துவிட்டதா, யாருக்கும் தெரியவில்லை.

"பாப்பா" என்றாள் தாய், மெதுவாக.

குழந்தை திரும்பிப் பார்த்தது.

சித்தி மறுபடியும் பட்டனை அமுக்கினாள்.

"இப்ப எதுக்கு?" என்றார் சித்தப்பா. இந்த முறை அதில் கேலி இல்லை.

"இங்கதானே திரும்பிப் பாத்தா."