கதை நேரத்தில் எழுந்து போன பிள்ளை

அந்த மே மாதம் எனக்குப் பத்தொன்பது வயது. ஞாயிறு ஆராதனை முடிவில், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு உதவப்போகும் வாலிபர்களின் பெயர்களைப் போதகர் வாசித்தார். என் பெயரும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கோவிலில் பெயர் வாசித்த பிறகு முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

எங்கள் மலையூரில் அது சீசன் நேரம். அம்மா ஒரு விடுதியில் சமையல் வேலைக்கு இருட்டோடு போய்விடுவார். நான் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பிகளைக் கிளப்பிவிட்டு, ஒன்பது மணிக்குள் கோவில் மேட்டை மூச்சு வாங்க ஏறுவேன். எனக்குத் தள்ளிவிட்டது சின்னப்பிள்ளைகள் வகுப்பு, நாற்பது வாண்டுகள். மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. செய்கையோடு பாடும் பாட்டுகளில் பாட்டு போய்ச் செய்கை மட்டும் மிஞ்சியது. ஊழியம் செய்தால் சந்தோஷம் வரும் என்றார்கள் பெரியவர்கள். எனக்குக் கால் வலிதான் வந்தது.

முதல் நாள் பக்கத்துக் கிராமமான வில்பட்டியிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். எட்டு வயது இருக்கும். இடுப்பில் தம்பி, இரண்டரை வயது. அவள் அம்மா டவுனில் ஒரு பங்களாவில் சீசன் வேலை செய்தார். "அஞ்சு வயசுக்குக் கீழ சேர்க்க மாட்டோம். தம்பிய விட்டுட்டு வா" என்றேன். மறுநாள் தனியாக வந்தாள். ஒரு தொல்லை விட்டது என்று இருந்தது எனக்கு.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை. வந்த நாளுக்கு ஒரு காகித நட்சத்திரம். பத்து நாளுக்குப் பத்தும் சேர்ந்தால் கடைசி நாள் பெற்றோர் முன்னால் மேடையேறலாம். அவள் அட்டையை மடங்காமல் பாவாடை இடுப்பில் செருகி வைத்திருப்பாள். "எங்கம்மா லீவு கேட்டிருக்கு டீச்சர், என்னைய மேடையில பாக்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

ஆனால் கதை நேரத்தில் உட்காரமாட்டாள். ஃபிளானல் துணிப் பலகையில் நான் மீன் விழுங்கிய யோனாவின் படத்தை ஒட்டுவேன், ஈரக்காற்றில் மீன் கழன்று விழும், பிள்ளைகள் சிரிக்கும், அதற்குள் இவள் ஒற்றை விரலைத் தூக்குவாள். போய் வந்து, மறுபடியும் தூக்குவாள். அவளைப் பார்த்து மற்ற விரல்களும் எழும்பும். ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குக் கதையில எந்திரிச்சா ஸ்டார் கிடையாது" என்றேன். அப்படி ஒரு சட்டமே இல்லை. நானாகப் போட்டதுதான்.

மறுநாள் கதை பாதியில் ஆலங்கட்டி மழை பிடித்தது. தகரக் கூரையில் அடித்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதை முடிந்தால் நாற்பதும் கட்டி பொறுக்க ஓடும் என்று வேண்டுமென்றே இழுத்தேன். அவள் எழவில்லை. விரலும் தூக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாகப் படிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜெபம் முடிந்ததும் பன் வாங்க நிற்காமல் வெளியே ஓடினாள். கோபத்தோடு குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கோவிலுக்குப் பின்புறம், பேரிக்காய் மரத்தடியில் அவள் தம்பி தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான். அழுது ஓய்ந்து, உதடு நீலமாகியிருந்தது. நகரக்கூடாது என்று அக்கா சொன்னதால் நகரவில்லை. இத்தனை நாளும் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். அவள் எழுந்து எழுந்து போனது அவனைப் பார்க்கத்தான்.

"இவ்வளவு மழையில ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எந்திரிச்சா ஸ்டார் இல்லைன்னீங்கல்ல டீச்சர்."

என் சேலையால் அவனைத் துவட்டினேன். அவளைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன். அந்த நேரத்திலும் திட்டத்தான் வந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அவள் அம்மா மட்டும் கோவில் கேட் பக்கம் நின்றார்.

"சின்னவன் காய்ச்சலா கெடக்கான் டீச்சர். மகதான் பாத்துக்கிட்டு இருக்கா, இனிமே வரமாட்டா. தம்பியக் கூட்டியாந்து உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டா போலருக்கு. மனசுல வச்சுக்கிராதீங்க."

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். உள்ளே நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிற்கவே தெம்பில்லை. "பரவாயில்லைங்க" என்றேன், மன்னிக்கிறவள் போல. அந்த ஒரு சொல்லைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.