அக்கா வளர்த்த கன்று

பழஞ்சோறு ஊறிப் புளித்த "கழனித் தண்ணி" வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் குமட்டும். மாட்டுக்கு வைக்க அந்தத் தண்ணீரை வீடு வீடாகப் போய்க் குடத்தில் சேர்த்து வந்தவள் என் அக்கா அஞ்சலை. அவள் பாவாடையிலும் தலைமுடியிலும் எப்போதும் அந்த வாடைதான்.

நைனார்பாளையத்துப் பக்கம் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம் எங்களுடையது. சொத்து என்று ஒன்றுமே இல்லாத காலத்தில் அக்கா, நான், தம்பி மூவருமே பள்ளிக்கூடம் போனோம். வீட்டில் எங்களிடம் வாங்க ஒரு வேலையும் இல்லை, பள்ளியில் மத்தியானச் சோறாவது கிடைத்தது. பிறகு ஒரு நிலக்காரர் தம் கிடேரியை அப்பாவிடம் "வாரத்துக்கு" விட்டார். வளர்ப்பது நாங்கள், முதல் ஈற்றுக் கன்று அவருக்கு, அடுத்தது எங்களுக்கு. "வூட்டுக்கு மாடு வந்துடுச்சி, இனிமே நமக்கு இன்னா கொறச்சல்?" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஆறாவது படித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "கொஞ்ச நாளு மாட்டப் பாத்துக்கம்மா, நம்ம கன்னு பொறந்ததும் பள்ளிக்கூடம் போவலாம்" என்றார்.

அக்கா அதை அப்படியே நம்பினாள். ஏரிக்கரையில் மேய்த்து, வரப்பில் புல்லறுத்து, சாணி அள்ளி, நிலக்காரருக்கு உரிய கன்றையும் வளர்த்துக் கொடுத்தாள். ஒருவழியாக எங்கள் கன்று பிறந்த அன்று, அதை வைக்கோலால் துடைத்துக்கொண்டே, "நாளிக்கி நான் போவட்டாப்பா?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்தார். "இன்னா பேசற நீ? இப்பத்தான ரெண்டு உருப்படி ஆச்சி. வேல ஜாஸ்தியாயிடுச்சி, கம்மியாவா ஆயிடுச்சி?"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பால் விற்ற காசில் குத்தகைக்கு நிலம் பிடித்தோம். அதில் களையெடுக்கவும் அவள்தான். வீட்டில் ஏதாவது ஒன்று சேரும்போதெல்லாம் அவள் தலையில் ஒரு வேலை ஏறியது. கூலிக்காரன் முன்னுக்கு வந்துவிட்டான் என்று ஊர் மெச்சியது. தூ!

இப்போது வீட்டில் மாட்டுக் கொட்டகை இல்லை. மேய்ச்சல் வெளியில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு மாடு விடுகிறவர்களையும் காணோம். போன மாதம் தம்பி மகன் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர்களிடம் அப்பா, "ஒத்த மாட்ட வச்சிக்கினு ரெண்டு புள்ளைங்கள படிக்கவச்சி ஆளாக்கனேன்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆமாங்க, நல்ல மாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.